பதினோராவது வளைவு

தேனி ஷோரூம்காரர் சொன்னார்:
"நாலு சக்கரமும் இழுக்கும் மேடம்.
மழையோ மூடுபனியோ, எதுவானாலும்
அதுவே பார்த்துக்கும்."

பொய் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை அதில் போடிமெட்டு ஏறினேன்.
பதினேழு வளைவும் வந்தது தெரியவில்லை.
ஏலக்காய் மூட்டையைப் போல
என்னை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டது.
சுருளிவேல் பக்கத்து இருக்கையில்
செக்போஸ்ட் வரை தூங்கினார்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"இதுதான் வண்டி."

இன்னொன்று பூப்பாறையில் நிற்கிறது.
சிபிச்சன் கனடா போகிறார், விற்கிறார்.
சாம்பல் நீலம். எண்பத்தோராயிரம் கிலோமீட்டர்.
கையால் போடும் கியர், பின்சக்கரம் தள்ளும்.
கியர் குமிழில்
மூன்று என்ற எண் மட்டும் தேய்ந்திருக்கிறது.
மூன்றாவதில் எங்கெல்லாம் போனீர்கள் என்று
கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.
"மழயத்து சூக்ஷிக்கணே சேச்சி" என்றார்.
"வாலு கொஞ்சம் ஆட்டும்."

பதினெட்டு வருடமாக ஏலக்காய் தரம் பிரிக்கிறேன்.
எட்டு மில்லி, ஏழு மில்லி, வெடித்தது, சொத்தை.
விரல் முதலில் சொல்லும், கண் பிறகுதான் வரும்.
காருக்கும் அப்படி ஒரு விரல் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இருக்கிறது.
இடுப்பில் இருக்கிறது.

இறங்கும்போது பதினோராவது வளைவு.
மழை விட்டு கால்மணி நேரம்கூட ஆகவில்லை.
தாரில் அப்பிக் கிடந்த யூகலிப்டஸ் இலை.
இரண்டாவதுக்கு இறக்கி
கிளட்சை ஒரு நொடி முந்தி விட்டுவிட்டேன்.
கூட்டத்தில் யாரோ முந்தானையைப் பிடித்து
பக்கவாட்டில் இழுத்ததுபோல
பின்பக்கம் நழுவியது.
கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம்.
கை தானாக எதிர்ப்பக்கம் திரும்பியது.
பிரேக்கைத் தொடவில்லை.
தொடாதே என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.
வண்டி நேரானது.

சுருளிவேல் ஒன்றும் பேசவில்லை.
அவர் வலதுகால் மட்டும்
தரைவிரிப்பில் இல்லாத ஒரு பிரேக்கை
மிதித்தபடியே இருந்தது.

ஓரங்கட்டி நின்றோம்.
பின்னால் ஒச்சப்பன் ஜீப் வந்து நின்றது.
எஸ்டேட் வேலை முடிந்த பதினாறு பெண்கள்,
இரண்டு பேர் கம்பியைப் பிடித்து வெளியே.
டயர் மொட்டை,
என் உள்ளங்கையில் உள்ள ரேகைகூட அதில் இல்லை.
"ஃபோர் வீல் போட்டுத்தான் இறங்குறீங்களா?"
"அந்த லிவர் ஒடஞ்சு மூணு வருசமாச்சுக்கா.
மிச்சத்துல தண்ணி கேன் தொங்குது."
ஜீப் முழுக்கச் சிரித்தது.
தலையில் நீலத் துண்டு கட்டியவள்
எட்டி எங்கள் காரைத் தட்டிப் பார்த்தாள்.
"இதுல எத்தன பேரு போலாம்?"
அஞ்சு என்றேன்.
"அம்புட்டுத்தானா."
நியூட்ரலில் உருண்டு, டீசல் மிச்சம் பிடித்து,
பத்தாவது வளைவில் மறைந்தார்கள்.

அதற்குப் பிறகு
இந்த இரண்டு கார்களையும் பற்றி
மூன்று மாதமாக நான் யோசித்ததெல்லாம்
கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் பட்டது.
ஆனாலும் ஆசை குறையவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதுவே பார்த்துக்கும்.
கல்யாணத்தின்போது சொன்னார்கள்.
முட்டியைக் கிழித்துத் தைத்த மதுரை டாக்டர் சொன்னார்.
பேங்கில் கையெழுத்து வாங்கியவரும் சொன்னார்.
சிலது பார்த்துக்கொண்டது.
மிச்சத்தை நான்தான் பார்த்தேன்.

சிபிச்சனின் கிளட்ச் கனம்.
என் இடது முட்டிக்கு மழை ஆகாது.
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
நாலு புது டயருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு
ராத்திரி பத்தரைக்கு அட்வான்ஸ் அனுப்பினேன்.
"உனக்கே தெரிஞ்சிருக்கு,
அப்புறம் எதுக்கு என்னைக் கேட்ட?" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

விடியுமுன் விழிப்பு வந்தது.
போர்வைக்குள் என் இடதுகால்
எதையோ மிதித்து மெல்ல, மிக மெல்ல
விட்டுக்கொண்டிருந்தது.
பக்கத்தில், நல்ல தூக்கத்தில்,
அவர் பிரேக் பிடித்தார்.