எது முதலில் கை நீட்டுகிறது

ஆறு மணி நேரம் டீ கூடக் கிடையாது.
பிறகு ஊசியில் ஏறுகிறது
கதிர் கலந்த சர்க்கரை.
பேசாதீங்க, போன் பார்க்காதீங்க,
வாயில் எதையும் மெல்லாதீங்க என்கிறாள் தில்ஷாத்.
அசைகிற சதை சர்க்கரையைத் திருடிக்கொள்ளுமாம்.
பட்டினி போட்ட உடம்பில்
எது முதலில் கை நீட்டுகிறது என்று
பார்க்கும் வேலை இது.

பிலோமினா வெளியே.
பிள்ளைத்தாய்ச்சி மகளை இன்று
தண்டையார்பேட்டைப் பக்கமே வராதே என்றுவிட்டோம்.
ராத்திரி வரைக்கும் நான்
கொஞ்சம் எரிகிறேன்.

எரிவது எனக்குப் புதிதில்லை.
இருபத்தாறு வருடம் மணலியில்,
கண்ட்ரோல் ரூம், இரவு ஷிப்ட்.
ஊருக்கு அது புகைபோக்கி உச்சியில் ஒரு தீ.
எனக்கு நோட்டில் ஒரு வரி:
02.10. சுடர் மஞ்சள். புகை. மூன்றாம் யூனிட்டைப் பார்க்கவும்.
மீட்டர் சொல்லும் முன்பே
தீ சொல்லிவிடும் சில நாள்.
சில நாள் சும்மா பயமுறுத்தும்.

டாக்டர் திரையைத் திருப்புகிறார்.
நுரையீரலில் போன தடவை எரிந்த எலுமிச்சை
இப்போது கொட்டைப்பாக்கு. அதுவும் அணைந்து.
பிலோமினா சிலுவை போட்டுக்கொள்கிறாள்.
அவர் பேனா மேலே போகிறது.
தொண்டையில் ஒரு வண்ணத்துப்பூச்சி
லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

'மருந்து உங்க காவல்காரங்களை அவிழ்த்து விட்டிருக்கு.
திருடனைத் தேடி வந்தவங்க
பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுறாங்க.
ரத்தத்துல இன்னும் ஒண்ணும் தெரியல.
தைராய்டு படுத்துக்கலாம்.
படுக்காமலும் போகலாம்.'

எங்க ஏரியால அப்டித்தான் சார் என்றேன்,
ரெய்டு வந்தா முதல் அடி
சும்மா நின்னவனுக்கு.
அவர் சிரிக்கவில்லை.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், என்று எழுதினார்.

முதல் ரத்தம் சரி. இரண்டாவதும் சரி.
பிலோமினா அந்தப் பூச்சியை மறந்தேபோனாள்.
ஷேவ் பண்ணும்போதெல்லாம்
நான் விரலால் தேடினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

மே மாதம்.
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தார் செருப்பைப் பிடிக்கிறது.
கரண்ட் போய் வீடே விசிறிக்கொண்டு கிடக்க
நான் பீரோவில் போர்வை தேடினேன்.
இன்னாச்சுப்பா என்றாள் மகள்,
குழந்தையைத் தோள் மாற்றியபடி.
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
15.40. குளிர்கிறது. தீ சொன்ன இடம்தான்.

இப்போது விடிந்ததும் ஒரு சின்ன மாத்திரை,
வெறும் வயிற்றில்.
அரை மணி நேரம் டீ கிடையாது.
டம்ளரின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு
தண்ணி லாரிக்குக் குடத்தோடு போகிறாள் பிலோமினா.