இரண்டாம் பருவம், ஒரு பக்கத்துக்குள்

தலைமையாசிரியர் கத்தோகோ கேட்டது ஒரே ஒரு பக்கம்.
வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோருக்குப் போக வேண்டும்.
"சுருக்கமா, லோயிஸ். நல்லதா."
மேசைக்கு அடியில் கரியடுப்பு வைத்திருக்கிறேன்.
கினாங்கோப்பில் ஜூலை மாதம்
பத்து விரலில் ஏழுதான் வேலைக்கு வரும்.

மே மாதம் திறந்தோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு தகரப் பெட்டிகள் வந்து இறங்கின.
முந்நூற்றுப் பதின்மூன்றாவது பையனிடம் பெட்டி இல்லை.
சம்புருவிலிருந்து இரண்டு நாள் பேருந்து மாறி வந்தவன், லெகிஷோன்,
தோளில் ஓர் உரச் சாக்கோடு நின்றான்.
பதிவேட்டில் 'பெட்டி' என்ற கட்டத்தில்
'பை' என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்துத் திருத்தினான்:
"யூரியா. ஐம்பது கிலோ."

நாடகப் போட்டியில் மாவட்டத்தில் இரண்டாமிடம்.
இதை எழுதலாம்.
தாய் வேடத்துக்குச் சமையற்காரி வங்கேச்சியின் தலைத்துணி இரவல்.
பிணத்தின்மேல் விழுந்து அழுத கபுத்தி
திரும்பும் பேருந்தில் அதைக் கழற்றவே இல்லை,
காதுக்குக் கதகதப்பாம்.
யாரும் கேலி செய்யவில்லை.
இல்லை, முதல் பத்து கிலோமீட்டர் செய்தார்கள்.
அதன்பின் ஜன்னல் வழியே பனி ஏற ஏற
ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று
முறைவைத்துக் கட்டிக்கொண்டார்கள்.

ரக்பி: ஐந்து ஆட்டம்.
நான்கில் தோல்வி.
ஐந்தாவதுக்கு எதிரணியின் வண்டி சேற்றில் புதைந்து வரவேயில்லை.
'ஒரு வெற்றி' என்று அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்.

கட்டணப் பாக்கிக்கு ஈடாக ஒரு தகப்பன்
இருநூறு முட்டைக்கோஸ் கொண்டுவந்து
அலுவலக வாசலில் கொட்டினார்.
ரசீது கேட்டார். கொடுத்தோம்.
பதினொரு நாள் மதியமும் இரவும் அதே கோஸ்.
யார் வீட்டுக் கட்டணத்தை மெல்லுகிறோம் என்று
தெரிந்தே மென்றார்கள் பையன்கள்.
அந்த மகன் மட்டும்
இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம்,
தட்டை நீட்டும்போது நிமிர்ந்து.

பிறகு மணி.
மணி என்றால் லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம்,
சைப்ரஸ் கிளையில் தொங்குவது.
விடிகாலை நாலே முக்காலுக்கு அதை அடிப்பவன் முவெண்டா.
ஜூன் ஒன்பதாம் தேதி இரவு குடல்வால் வீங்கி
அவனை உருளைக்கிழங்கு லாரியில்
நைவாஷாவுக்குக் கொண்டுபோனோம்.
அடிக்கும் கம்பி எங்கே என்று அவனைக் கேட்கத் தோன்றவில்லை.
அது அவன் மெத்தைக்கு அடியில் கிடந்தது.

நான்கு நாள் மணி இல்லை.
நான்கு நாளும் பையன்கள் எழுந்தார்கள்,
அதே இருட்டில், அதே நாலே முக்காலுக்கு.
ஒரு வாளி நகரும்.
யாரோ இருமுவான்.
மேலே பனிமூட்டிய ஜன்னலில்
விளக்கு ஒவ்வொன்றாக மஞ்சளாகும்.
நேரம் தவறியது ஆசிரியர்கள்தாம்.
கணக்கு வாத்தியார் ந்திராங்கு
ஒரு பொத்தான் தள்ளிப் பூட்டிய சட்டையோடு
மூன்றாம் பாடவேளை வரை நடமாடினார்.

"இது வேண்டாம்," என்று தலைமையாசிரியர்
சிவப்பு மையில் அந்தப் பத்தியை அடித்தார்.
அவர் சட்டையும் அன்று எப்படி இருந்தது என்று
எனக்குத் தெரியும்.

முவெண்டா திரும்பி வந்தான்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கால்சட்டை தளர்ந்து.
வந்ததும் மரத்தடிக்குத்தான் போனான்.
வளையத்தைத் தொட்டுப் பார்த்தான்.
"நான் இல்லாதபோது யார் அடிச்சது?"
சாப்பாட்டு வரிசையில் பேச்சு நின்றது.
'யாரும் அடிக்கவில்லை, தேவைப்படவும் இல்லை' என்று
அவனிடம் யார் சொல்வது?

பின்னாலிருந்து லெகிஷோன் சொன்னான்:
"நான்தான். கல்லால அடிச்சேன்.
ஒருத்தனும் எழுந்திருக்கல."

முவெண்டா சிரித்தான்,
தையல் வலிக்க, வயிற்றைப் பொத்திக்கொண்டு.
மறுநாள் நாலே முக்காலுக்கு
முன்பைவிட ஓங்கி அடித்தான்.
எல்லாரும் விழித்தபடி படுத்திருந்து
அது ஒலித்து முடியக் காத்திருந்து
பிறகே எழுந்தார்கள்.

பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடமிருந்தது.
'மணி பழுதின்றி இயங்குகிறது' என்று அடித்தேன்.
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்:
அடுத்த பருவத்துக்குப் போர்வை ஆளுக்கு இரண்டு.