நாலு மணி நிழல்

குளச்சல் கடற்கரைக்கு ஒரு கூரை கேட்டார்கள்.
பன்னிரண்டு மீட்டர் நீளம், சமகாலத் தோற்றம்,
வெற்றித்தூணைவிட உயரம் கூடாது,
அரையடிக்குமேல் மண்ணைத் தோண்டவும் கூடாது.
கீழே எந்த டச்சுக்காரனின் குண்டு உறங்குகிறதோ,
தொல்லியல் துறைக்கு அந்த உறக்கம் முக்கியம்.

முதல் வரைபடத்தில் ஒரு திருக்கை மீன் இருந்தது.
சிறகு விரித்த கான்கிரீட்.
அலுவலகத்தில் கைதட்டினார்கள்.
'கவித்துவம்' என்று மின்னஞ்சலில் ஒருவர்.
அதைப் பெரிதாக அச்சடித்து, சுருட்டி,
மார்ச் மாதச் சனிக்கிழமை
நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்தேன்.

ஏலம் முடிந்திருந்தது.
ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த
செலஸ்தீனாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'மீனு கொள்ளாம்.
கச்சான் காத்து எந்தப் பக்கம்னு போட்டிருக்கியா பிள்ள?'
போட்டிருக்கவில்லை.
வடக்கு மட்டும் இருந்தது, மூலையில், சின்ன அம்பாக.
'வடக்கேருந்து எங்களுக்கு என்ன வரும்?
பஸ்ஸு வரும்.'

நாலு மணிக்கு வெயில் கடல் பக்கம் சாய்ந்தது.
தொகுதி நிதியில் கட்டிய பழைய நிழற்குடைக்குள்
ஒருவரும் இல்லை,
திறப்பு விழாக் கல்லைத் தவிர.
கூரைக்கடியில் நேராக நுழைந்து
வெயில் கால் நீட்டிப் படுத்திருந்தது.
நிழலோ பத்தடி தள்ளி, கிழக்கே, மணலில் கிடந்தது.
பெண்கள் அங்கே இருந்தார்கள்.
நாய்கூட அங்கேதான்.
நிழல் நகர நகரச் சாக்கை இழுத்து இழுத்து
அவர்களும் நகர்ந்தார்கள்,
யாருடைய கடனைப் பற்றியோ
பேச்சை மட்டும் விடாமல்.

அன்றிரவு மார்த்தாண்டத்து லாட்ஜில்
திருக்கையை அழித்தேன்.
மெத்தையெல்லாம் ரப்பர் துகள்.
முதலில் நிழலை வரைந்தேன்:
மார்ச் நிழல்,
மழை விட்டுவிட்டு வரும் ஆனி நிழல்,
டிசம்பரில் வடகிழக்காய் நீண்டுகிடக்கும் நிழல்.
அவை விழ வேண்டிய அளவுக்கு மட்டும் பலகை.
கச்சான் புகுந்து வெளியேற இடைவெளி, நாலு விரல்.
காலுக்குக் குழி இல்லை.
வலையடியில் ஈயக்குண்டு கிடப்பதுபோல
மணல்மேல் சும்மா கனத்து உட்காரும் கற்கள்.
வேண்டாமென்று தோன்றினால்
ஒரு கிரேன், ஒரு காலைப்பொழுது, போதும்.

'இதில் கட்டடம் எங்கே?' என்றது குழு.
'சமகாலம் எங்கே?' என்றார் வெள்ளைச் சட்டை.
நாலு மணிக்கு வாருங்கள் என்றேன்.
யாரும் வரவில்லை. என்றாலும் ஒப்புதல் வந்தது,
இருக்கைகளையும் குடிநீர்க் குழாயையும்
செலவுப் பட்டியலில் வெட்டிவிட்டு.

மே மாதம் செலஸ்தீனாள் போனில் கூப்பிட்டாள்.
'உன் கல்லுமேல வலை காயப்போட்டிருக்கு.
பலகைக்கு அடிச்ச பெயிண்ட்டு உப்புக்கு நிக்காது.'
நிழல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
பின்னால் கடலும் யாரோ விலை கூவுவதும் கேட்டன.
'கச்சான் வரட்டு,' என்றாள்.
'பொறவு சொல்லுதேன்.'