ஒப்புதல் பத்தி

மாகடி ரோட்டில் மூன்றாம் மாடி.
கீழே பஞ்சர் கடை. மேலே நாங்கள் பதினாலு பேர்,
பதினாலு ஹெட்செட், ஒரே ஒரு மின்விசிறி.
நான் அமலோற்பவம். போனில் மட்டும் அனிதா.

ஒன்பதரைக்குப் பட்டியல் வரும்:
கடையின் பெயர், ஆளின் பெயர், எண்,
கடைசியில் ஒப்புதல் பத்தி.
இரண்டாம் வரிசை தொடங்கி
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரை
ஆம் ஆம் ஆம் ஆம்.
பெங்களூரில் இத்தனை பேர்
ஒரே நாளில் ஒத்துப்போனது
எனக்குத் தெரிந்து இங்கேதான்.

எப்படி வந்ததென்று பார்த்திருக்கிறேன்.
பிரஜ்வல் ஒரு கட்டத்தில் ஆம் அடித்தான்,
அதன் மூலையைப் பிடித்து
கடைசி வரை கீழே இழுத்தான்.
டீ ஆறவில்லை அதற்குள்.
"போர்டுல நம்பர் எழுதியிருக்காங்கல்ல,
கூப்பிடத்தானே எழுதுறாங்க?"

வரிசை முந்நூற்றுப் பதினொன்று.
கவுஸ் பாஷா, ஊதுபத்தி, காமாட்சிபாளையா.
"வணக்கம் சார், உங்க தொழிலுக்குப் பிணையில்லாக் கடன்..."
"நான் எப்பம்மா சரின்னேன்?"

ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழ்.
கோபம் இல்லை, பாக்கி கேட்கிற குரல்.
அவருக்குப் பின்னால்
மூங்கில் குச்சிக் கட்டு ஒன்று அவிழ்ந்து கொட்டியது.
"சரின்னிருந்தா தேதி இருக்கும்ல. என்ன தேதி?"

தேதிக்குப் பத்தி இல்லை.

"கதவு திறந்திருக்குன்னா
கல்லாவுல கை விடலாமா?
இன்னிக்கு நீ ஒம்பதாவது ஆளு.
எடுக்காம இருக்கவும் முடியல,
சேலத்துப் பார்ட்டி புது நம்பர்லதான் ஆர்டர் சொல்வான்.
ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிட்டு வந்து எடுக்கிறேன்.
மாவு காஞ்சு போகுது."

எங்கள் தாளில் மூன்றாம் பக்கம் இதற்கென்றே இருக்கிறது:
'புரிகிறது சார், ஆனால்'.
நான் 'புரிகிறது சார்' என்றேன்.
ஆனாலுக்கு வாய் திறந்தது,
வரவில்லை.

முந்நூற்றுப் பதினொன்றில் ஆமை அழித்து
இல்லை என்று அடித்தேன்.
சோற்றில் கல் மாதிரி தெரிந்தது
திரை முழுக்க அது ஒன்று மட்டும்.

அவரும் பத்தி, நாங்களும் பத்தி.
அவருடையது மணக்கும்.

மறுநாள்
எல்லோரிடமும் முதலில் கேட்டுப் பார்த்தேன்:
"பேசலாமா?"
கேட்டபின் ஒரு மௌனம் வந்தது,
இத்தனை மாதத்தில் நான் கேட்டிராத மௌனம்.
இருபத்தாறு பேர் வேண்டாம் என்றார்கள்.
அதில் இரண்டு பேர் நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்றார்கள்.
ஒரு பெண், சுங்கதகட்டையில் ஸ்டீல் பாத்திரக் கடை,
"நாலு மணிக்கு மேல" என்றாள்.
போர்டில் என் பெயருக்கு நேரே முட்டை.

புதன்கிழமைப் பட்டியல் வந்தது.
கீழே போய்ப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினொன்று:
ஆம்.
மறுபடி இழுத்திருக்கிறான்.

அந்த வரிசை இந்த முறை எனக்கு வரவில்லை.
இரண்டு நாற்காலி தள்ளி நாகவேணியின் குரல்,
"வணக்கம் சார், உங்க தொழிலுக்கு..."
பிறகு நின்றது.
மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு
என் பக்கம் திரும்பினாள்:

"ஏய், யாரோ தேதி கேக்குறாருடி."