கழற்றி வைக்கும் கூரை

மோட்டார் சைக்கிள் சீட்டு தைப்பவள் நான்.
லாயாங் லாயாங் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே,
சீன மருந்துக்கடையை ஒட்டிய அரைக்கடை.
சந்தனசாமி வந்து கேட்டான்:
"அக்கா, ஒரு காருக்குத் தொப்பி வேணும்."

செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரன்.
முன்பு வேலை பார்த்த தொழிற்சாலை மூடியபோது கொடுத்த பணத்தில்
அவன் மனைவி பொன்மலர் வீட்டு முன்பணத்தைப் பார்த்தாள்.
அவன் பார்த்தது
தோட்டத்து ஸ்டோரில், உர மூட்டைகளுக்குப் பின்னால்,
ஐம்பதாம் வருஷத்து செவ்ரோலே.
திறந்த கார். துரை ஓட்டியது.
கூரைத் துணியை எலி தின்றுவிட்டது.
கம்பிகள் மட்டும் மடங்கிக் கிடந்தன,
செத்த வௌவால் மாதிரி.

கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார், வெள்ளைச் சட்டை.
"ஒரு திருகைக்கூடத் தொடாதீங்க,
பழையபடி இருந்தால்தான் விலை."
அவர் சொன்ன தொகையில்
இரண்டு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம்.
பொன்மலர் கதவோரம் நின்று கேட்டாள்.
சந்தனசாமி அவருக்குத் தே தாரேக் வாங்கிக் கொடுத்து
வழியனுப்பினான்.
மறுநாள் காலை ஆ லியோங் ரம்பத்தை எடுத்தான்.
அன்றிலிருந்து பொன்மலர் பேசவில்லை.

முன்கண்ணாடியில் மூன்று அங்குலம் குறைத்தார்கள்.
முதல் கண்ணாடி வெடித்தது. இரண்டாவதும்.
மூன்றாவதுக்கு ரேடியோவைக்கூட அணைத்தார்கள்.
கதவுப் பிடிகள் போயின.
ஓட்டைகளில் ஈயத்தை இளக்கி அப்பி
மரத்துடுப்பால் வழித்தான் ஆ லியோங், மூச்சு விடாமல்.
மூக்கில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாய் நெம்பி
பால் டின்னில் போட்டார்கள்.
"துரை வந்தால் அடையாளம் தெரியாது" என்றேன்.
"அதுக்குத்தான்கா."

ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று அறுத்ததும்
கார் உட்கார்ந்தது,
பந்தியில் இடம் பிடித்தவர் போல.
இனி எழுந்திருக்காது.
பரிசோதனைக்கு மூன்று முறை போய்
மூன்று முறை திரும்பியது.
ரோஸ்லான் பதினான்கு பூச்சு அடித்தான்.
மங்குஸ்தான் தோல் நிறம்.
வெயில் பட்டால் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு.

இனி என் வேலை.
இந்தக் கூரை மடங்காது, அதுதான் முறையாம்.
ஓரம் கிழிந்த ஒரு படம் காட்டினான்.
இரும்புச் சட்டம், மேலே கோழிவலை,
மேலே இலவம்பஞ்சு, மேலே வெள்ளைக் கான்வாஸ்.
பின்னால் ஒரு ஜன்னல், தபால்பெட்டி வாய் அளவு.
இருபத்திரண்டு நாள். மூன்று ஊசி முறிந்தது.
ஒரு தையல் கோணிப்போய்ப் பிரித்துத் தைத்தேன்,
யாரிடமும் சொல்லவில்லை.
நாலு பேர் தூக்கி வைத்தோம்.
கொட்டாவி விட்ட வாய் மூடியதுபோல் பொருந்தியது.
ஆ லியோங் சீனத்தில் ஒரு வார்த்தை சொன்னான்.
நல்லதாகத்தான் இருக்கும்.

முதல் ஓட்டம் தோட்டத்துச் செம்மண் சாலையில்.
கம்பெனி நிலம், போலீஸ் வராது.
"தொப்பியைக் கழற்றிடலாம்கா."
நான் வாயே திறக்கவில்லை.
என் இருபத்திரண்டு நாளை
நாலு பேர் தூக்கிப் பட்டறை மேசையில் வைத்தோம்.
இலவு காத்த கிளி கேள்விப்பட்டதுண்டு.
இங்கே இலவே காத்துக் கிடந்தது.

அப்போதுதான் பொன்மலர் வந்தாள், கையில் குடை.
யாரையும் பார்க்காமல் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

லாயாங் லாயாங் என்றால் தகைவிலான் குருவி.
அன்றைக்கு அவை தரையோடு பறந்தன,
எங்கள் கதவு மட்டத்தில்.
அப்படிப் பறந்தால் என்ன வரும் என்று
இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.
செம்பனை வரிசையில் பாதி போனதும் பிடித்தது.

குடையை விரித்தாள். காற்று பிடுங்கி
பின்சீட்டில் என் மடியில் போட்டது.
ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்:
"மெதுவாப் போனா நனைவோம். மிதி."

மிதித்தான்.
மூன்று அங்குலம் குறைந்த கண்ணாடி
மழையைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டது,
முன்னால் இருந்தவர்களுக்கு.

செவ்வாய் வரைக்கும் சீட்டுகளைக் காயவைத்தேன்.
அதற்குக் காசு கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.