தரையிலிருந்து எழுவது

முதல்நாள் ஹோனே உட்காரவில்லை.
நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றே
பதினோரு வருட வலியைச் சொன்னான்,
யாரோ அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

எங்கள் மட்டாவுராவில்
ஆட்டு ரோமம் கத்தரிப்பவன் இடுப்பைப் பற்றி
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
நாளைக்கு முந்நூறு ஆடு.
முழங்கால்களுக்கு நடுவே ஒன்றைச் சாய்த்து
குனிந்தவன் குனிந்தவன்தான்
தேநீர் மணி அடிக்கும்வரை.

என்னிடம் ஒரு தாள் இருந்தது.
அதில் ஐந்து பயிற்சிகள் செய்யும் ஒரு குச்சி மனிதன்.
நகலுக்கு நகல் எடுத்ததில்
முகம் அழிந்துபோயிருந்தான்.
நீட்டினேன்.
ஹோனே பர்ஸிலிருந்து
நான்காக மடித்த அதே தாளை எடுத்துக் காட்டினான்.
"இது மூன்றாவது" என்றான். கோபமில்லை.

அவன் ஸ்கேனில் 'தேய்மானம்' என்று எழுதியிருந்தது.
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஹேஸலின் ஸ்கேனிலும்
அதே சொல், அதே எலும்புகளுக்கு நடுவே.
ஹேஸல் வாரம் மூன்று நாள் நீந்துகிறாள்.
ஹோனே காலுறை போட
கட்டில் விளிம்போடு மல்லுக்கட்டுகிறான்.

சரி, அளவெடுத்தே தைப்போம் என்று
சனிக்கிழமை விடியலில் கொட்டகைக்குப் போனேன்.
இடது கால் எங்கே ஊன்றுகிறான்,
எத்தனையாவது ஆட்டில் மூச்சு மாறுகிறது,
எல்லாம் குறித்துக்கொண்டேன்.
கோணியில் மணல் நிரப்பி
ஆட்டின் எடைக்கு ஓர் ஆடு செய்தேன்.
ஆறு வாரம் மரியாதையாக அதைத் தூக்கினான்.
ஆறு வாரமும் வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏழாவது வாரம் மழை. அவன் லாரி கிளம்பவில்லை.
மெக்கானிக்குக்காகக் காத்திருந்த நேரத்தில்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"ஆடு என் பிரச்சினையே இல்லை.
வேலையில் சூடேறினால் இடுப்பு வாயை மூடிக்கொள்ளும்.
சித்தி செத்தபோது
மராயேவின் பெரிய வீட்டில்
தரையில் மெத்தை போட்டு
மூன்று இரவும் அவளைச் சுற்றிப் படுத்தார்கள்,
தனியே விடக்கூடாதென்று.
படுத்தால் எழ முடியாதே,
எல்லோர் முன்னாலும்.
நான் வெளியே லாரியில் கிடந்தேன்.
பாடுவது கேட்டது."

அன்று மணல் ஆட்டின் வயிற்றைக் கிழித்து
பூந்தொட்டிகளில் கொட்டினேன்.

அதன்பிறகு இருவரும் தரையில்தான்.
முதலில் இரண்டு மெத்தை உயரம்.
ஒருக்களித்து, முழங்கை ஊன்றி,
ஒரு முழங்கால், சற்று நின்று, மற்றொன்று.
புரளும் முன்பே மூச்சைப் பிடித்துக்கொள்வான்;
வலி வருவதற்குள் அதற்கு வழிவிட்டு
ஒதுங்கி நிற்கப் பழகிய உடம்பு.
"மூச்சு" என்பேன். விடுவான். திட்டுவான்.
ஒரு மெத்தைக்கு இறங்கினோம்.
ஒரு வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டு
மறுபடி இரண்டுக்கு ஏறினோம்.
அழுதானா வியர்த்தானா, கேட்கவில்லை.
மே மாதக் கடைசியில், வெறும் கம்பளம்.

ஜூனில் பெரியப்பா இறந்தார்.
நான்காம் நாள் செய்தி வந்தது:
"மூணு ராத்திரி. ரெண்டாவது ராத்திரி மோசம்.
உள்ளேயே இருந்தேன்."

காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
பத்துக்கு வலி எவ்வளவு என்று.
வந்த நாளில் ஆறு.
திரும்பி வந்ததும் கேட்டேன்.
யோசித்துப் பார்த்து, நேர்மையாக,
"ஆறு" என்றான்.
எழுதினேன்.
வேறெதற்கும் அந்தப் படிவத்தில் இடமில்லை;
ஓரத்தில் பென்சிலால்
'உள்ளேயே' என்று கிறுக்கி வைத்தேன்.

நாளை ஹேஸல் வருகிறாள்.
நீந்துகிறவளுக்கு என்ன வந்தது என்று
இப்போதே மனம் கணக்குப் போடுகிறது.
ஆர்கன் பெடலாக இருக்கும்,
இடது காலாக இருக்கும்.

முதலில் நான்
வாயை மூடிக்கொள்ள வேண்டும்.