இடது பக்கம்

வலது பக்கம் கம்போசிட்:
அமிலம் தடவி, கழுவி, காயவைத்து,
நீல ஒளியில் இருபது நொடி.
இடது பக்கம் சிமெண்ட்.
ஈரத்திலும் பிடிக்கும் என்றான் கம்பெனிக்காரன்.
எது நிற்கிறதென்று பார்க்க
ஒரே வாயில் இரண்டும்.

பென்னாகரத்துப் பல்.
போர்த் தண்ணீர் வரைந்த பழுப்பு வரிகள்,
அமிலத்துக்கே அசராத எனாமல்.
பசை எங்கே கால் ஊன்றும்?

பதினோராம் நாள் வந்தார் தீர்த்தகிரி,
டவுன் பஸ் கண்டக்டர்.
கம்பியில் தொங்கியதைத் தானே பிடுங்கி
டிக்கெட் தாளில் மடித்திருந்தார்.
மூன்று பிராக்கெட்.
மூன்றும் இடது.

சிமெண்ட் தோற்றது
என்று நோட்டில் எழுதப் போனேன்.
கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வந்தது.
அவர் கை தானாகப் பைக்குள் போய்
விசிலை எடுத்து
இடது கடைவாயில் செருகியது.

“எப்பவும் அந்தப் பக்கமா?”

“வலப் பக்கம் ஊதினா
காத்துதாங்க டாக்டர் வருது.
டிரைவர் நிறுத்த மாட்டாரு.”

எழுதியதை அடித்தேன்.
மறுபடி ஒட்டும்போது பக்கம் மாற்றினேன்:
கம்போசிட்டும் கொஞ்சம் விசில் கடிக்கட்டும்.

ஏழு மணி பென்னாகரம் வண்டி
ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஊதலோடு கிளம்பியது.
சத்தத்துக்குப் பின்னால்
வேறேதும் உடைகிறதா என்று
காதை நீட்டிக்கொண்டிருந்தேன்.